முருகன் முன்னால் வைத்த இரண்டு பாட்டில்

பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. தனம் கோயிலுக்குப் போயிருந்தாள். காலிங் பெல் அடித்தது. திறந்தால் — மாடி வீட்டு நிர்மலா சிஸ்டர்.

தனம் என் மனைவி. இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிற உங்களுக்கு அவளைத் தெரியும். நிர்மலா சிஸ்டரைத் தெரியாது. இதுவரை அவரைப் பற்றி நான் ஒரு வரி எழுதியதில்லை. ஏன்? பிடிக்காது. அவ்வளவுதான்.

நல்ல பெண்மணி. திருநெல்வேலிப் பக்கம். இங்கே டெல்லியில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். கோல் மார்க்கெட் பக்கத்தில் இருக்கும் எங்கள் கவர்மென்ட் குவார்ட்டர்ஸில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் முதலில் தட்டுவது அவர் கதவைத்தான். அப்படிப்பட்டவரைப் பிடிக்கவில்லை என்றால் கோளாறு யாரிடம்? என்னிடம்தான். பொறாமை.

டெல்லிப் பனியில் கொஞ்சம் வெயில் எட்டிப் பார்த்தால் போதும், பெண்கள் மொட்டை மாடிக்கு ஏறிவிடுவார்கள். தனமும் சிஸ்டரும் பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டே பேசுவார்கள், பேசுவார்கள்... அப்படிப் பேசுவார்கள். துண்டு காயப்போடுகிற சாக்கில் நான் போனால் பேச்சு நின்றுவிடும். படி இறங்கியதும் பின்னால் சிரிப்பு கேட்கும். வீட்டுக்கு வந்த பிறகு, "என்ன அப்படிச் சிரிப்பு?" என்று கேட்டால், "சும்மாதாங்க" என்பாள்.

சும்மாவா? என்னோடு இருக்கும்போது ஒரு நாளாவது அப்படிச் சும்மா சிரித்திருக்கிறாளா?

அந்த சிஸ்டர்தான் இப்போது வாசலில் நிற்கிறார். கையில் ஒரு காகிதப் பை. பையின் வாயை மடித்து ஸ்டேப்ளர் பின் அடித்திருந்தது.

"அக்கா வந்தாவன்னா இத குடுத்துருங்க அண்ணாச்சி."

"என்ன சிஸ்டர் இது?"

"மருந்து மாதிரி."

"மாதிரின்னா?"

"அக்காட்டயே கேட்டுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு மாடி ஏறிவிட்டார்.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம். வெளியிலிருந்து எது வந்தாலும் முதலில் முருகன் படத்துக்கு முன்னால் வைப்போம். சம்பளம், புதுத்துணி, மகளின் கல்யாணப் பத்திரிகை... எல்லாம். மருந்தென்றால் கேட்கவே வேண்டாம். வைத்து, திருநீறு போட்டு, அதற்குப் பிறகுதான் முதல் மாத்திரை. அதே மாதிரி பையைக் கொண்டுபோய் வைத்தேன். திருநீறு போட்டேன். காலையில் வாங்கிய சாமந்தியில் ஒன்றை எடுத்து மேலே வைத்தேன்.

வைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் உறைத்தது. நர்ஸ் கொண்டுவந்து தருகிற மருந்து. மாடியில் ரகசியப் பேச்சு. நான் போனால் நின்றுவிடுகிற பேச்சு... தனத்துக்கு என்ன வியாதி?

இந்த இடத்தில் இன்னொரு பொறாமையையும் சொல்லிவிடுகிறேன். அது முருகன் மேல்.

இரண்டு வருஷமாக என் மனைவிக்கு விரதம் கூடிக்கொண்டே போனது. முதலில் சஷ்டி, கிருத்திகை. பிறகு செவ்வாய், வெள்ளி. பிறகு பிரதோஷம், பௌர்ணமி. "விரதம்ங்க" என்பாள். நானும் சாமி கும்பிடுகிறவன்தானே. விரதமென்றால் மறுபேச்சு உண்டா? தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்துவிடுவேன். அதற்கு முன்னால் எங்களுக்குள் அந்த நெருக்கம் ஒரு நாளும் குறைந்ததில்லை. ஐம்பதைத் தாண்டிய பிறகு இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் உண்மை அதுதான்.

இதை யாரிடம் போய் முறையிடுவது? அவனிடமே முறையிட்டேன். சந்நிதியில் நின்று, மனசுக்குள், "முருகா, உனக்கு ரெண்டு பேர். எனக்கு ஒருத்திதான். அவளையும் நீயே வச்சுக்கிட்டா எப்படி?"

அவன் சிரித்தபடியே நின்றான். எப்போதும் சிரித்தபடிதான் நிற்கிறான்.

சரி, கதைக்கு வருகிறேன். தனம் கோயிலிலிருந்து வந்தாள். கையைக் கழுவிவிட்டு, பிரசாதத்தை வைக்க சாமி அலமாரிப் பக்கம் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இத இங்க யாரு வச்சது?"

"நான்தான். சிஸ்டர் குடுத்தாங்க."

"பிரிச்சீங்களா?"

"இல்ல. திருநீறு மட்டும் போட்டேன்."

"திருநீறு வேற போட்டீங்களா..." என்றவள், சாமந்தியைப் பார்த்தாள். "பூவும் வச்சிருக்கீங்க."

பையைச் சட்டென்று எடுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். முருகனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"தனம், என்ன வியாதின்னு சொல்லிரு. எங்கிட்ட மறைக்காத."

"வியாதியெல்லாம் இல்ல."

"அப்ப எதுக்கு மருந்து?"

"மருந்து இல்லைங்க."

"மருந்தும் இல்ல, வியாதியும் இல்லன்னா..."

என் கையைப் பிடித்து அடுப்படிக்குள் இழுத்துக்கொண்டு போனாள். படம் கண்ணில் படாத இடமாகப் பார்த்து நின்றாள். சுவரைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள்.

"எனக்கு நின்னுபோச்சுல்ல... அதுக்கப்பறம் உள்ள காஞ்சு போயிருதுங்க. நீங்க பக்கத்துல வந்தா வலிக்குது. கீறுன மாதிரி."

"எப்ப இருந்து?"

"ரெண்டு வருஷமா."

"அப்ப அந்த விரதமெல்லாம்?"

"பாதி விரதம்தான். மீதி..." நிறுத்திவிட்டாள். "வேணாம்னு சொன்னா உங்க மொகம் சுருங்கிரும். விரதம்னா கேள்வி கேக்க மாட்டீங்க."

ஒரு நல்ல புருஷனுக்கு அந்த நிமிஷத்தில் என்ன தோன்ற வேண்டும்? ஐயோ, இவ்வளவு நாள் வலியை வைத்துக்கொண்டு இருந்தாளே என்று தோன்ற வேண்டும். அதுவும் தோன்றியது. இரண்டாவதாக. முதலில் தோன்றியது — அந்த அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள், என்னிடம் சொல்லவில்லை.

இரண்டு வருஷம் முருகன் மேல் பட்ட பொறாமை மொத்தமும் ஒரு நொடியில் மாடி வீட்டுக்கு ஏறிவிட்டது.

"எங்கிட்ட சொல்ல முடியாதத அவங்ககிட்ட எப்படிச் சொன்ன?"

"அவங்க கேட்டாங்க."

"என்ன கேட்டாங்க?"

"ஏன்க்கா இளைச்சுப் போயிட்டீங்க, அண்ணாச்சியோட ஏதும் மனத்தாங்கலான்னு கேட்டாங்க. நீங்க தலகாணிய எடுத்துக்கிட்டு ஹாலுக்குப் போயிட்டீங்க."



அவளே பையைப் பிரித்தாள். சிஸ்டர் அவளை ஒரு லேடி டாக்டரிடமும் கூட்டிப் போயிருக்கிறார். மாதவிடாய் நின்ற பிறகு நிறையப் பேருக்கு இப்படி வருமாம். இப்போதைக்கு இதைப் போட்டுப் பாருங்கள், சரியாகவில்லையென்றால் வாங்க, வேறு வைத்தியம் இருக்கிறது என்றாராம் டாக்டர். தேங்காயெண்ணெயை அதற்கு முன்பே தனம் போட்டுப் பார்த்திருக்கிறாள். அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அரிப்பு வந்துவிட்டது. இதுவும் எனக்குத் தெரியாது.

உள்ளே இரண்டு சின்ன பாட்டில்.

"வழவழப்புக்குப் போடுறது. இது தண்ணியில செஞ்சது. இது சிலிக்கான்."

"சிலிக்கானா? பாத்ரூம் சிங்க் ஓரத்துல ஒழுகாம இருக்க அடைப்பாங்களே, அதா?"

தனம் வாயைப் பொத்திக்கொண்டாள். "நானும் இதேதாங்க கேட்டேன். சிஸ்டர் சிரிச்சு, பட்டாணியெல்லாம் கீழ கொட்டிருச்சு."

ஓஹோ. மொட்டை மாடிச் சிரிப்பு அதுதானா. என்னைப் பற்றி இல்லை என்று ஒரு நிம்மதி. ஆனால் அந்தச் சிரிப்பை முதலில் பார்த்தது நான் இல்லையே என்று ஒரு கடுப்பு.

எதை முதலில் எடுப்பது? சிலிக்கான் சீக்கிரம் காயாது, இரண்டு சொட்டே போதும், நெடுநேரம் நிற்கும் என்று சிஸ்டர் சொல்லியிருக்கிறார். ஒருமுறை போட்டால் கவலை இல்லை. சரி, அதுவே ஆகட்டும் என்றேன். தலையணை ஹாலிலிருந்து உள்ளே போனது. வலிக்கவில்லை என்று தனம் சொன்னாள். அதற்கு மேல் இங்கே எழுத மாட்டேன்.

மறுநாள் திங்கட்கிழமை. காலைப் பூஜை என்னுடையது, மாலை விளக்கு அவளுடையது. டெல்லி ஜனவரியில் காலைக் குளியல் எப்படி இருக்கும் என்று இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். காக்காய்க் குளியல். சோப்பு டப்பா பக்கம் கை போகவே இல்லை. வாளித் தண்ணீரில் கங்கா ஜல் ஒரு சொட்டு விட்டு, மூன்று சொம்பு மளமளவென்று ஊற்றிக்கொண்டு, வேட்டி கட்டி, திருநீறு பூசி, பித்தளை விளக்கைக் கையில் எடுத்தேன்.

மீன் நழுவுகிற மாதிரி நழுவியது. டங்கென்று விழுந்தது. தரையெல்லாம் நல்லெண்ணெய்.

விளக்கு கீழே விழுந்தால் தனத்துக்கு ஒரு வாரம் சாப்பாடு இறங்காது. ஓடிவந்தாள். விளக்கைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள்.

"சோப்பு போட்டீங்களா?"

"கங்கா ஜல் விட்டுக் குளிச்சேனே."

"கங்கையிலயே போய் முங்குனாலும் அது போகாதுங்க. சோப்பு போட்டுத் தேய்க்கணும். சிஸ்டர் சொன்னாங்களே."

பாவம் போயிருக்கும். சிலிக்கான் போகவில்லை.

நான் உள்ளங்கையை விரித்துக்கொண்டு அசட்டுத்தனமாக நிற்க, தனம் சிரிக்க ஆரம்பித்தாள். சாமி அலமாரியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதே சிரிப்பு. மொட்டை மாடிச் சிரிப்பு. என் வீட்டில், என் முன்னால்... விளக்கு நெளிந்ததுகூட எனக்கு உறைக்கவில்லை.

அன்று சாயங்காலம் பார்த்தால் பெட்ஷீட்டில் எண்ணெய் பட்ட மாதிரி கறை. துவைத்தும் போகவில்லை. பாத்ரூம் டைல்ஸில் ஒரு சொட்டு சிந்தியிருந்தது போல, தனத்தின் கால் வழுக்கி, நல்லவேளை, கதவைப் பிடித்துக்கொண்டாள். இந்த வயதில் இடுப்பு எலும்பு என்னவாகும்? சிலிக்கானைக் குறை சொல்லவில்லை. வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறது. சோப்பு போட்டுக் குளிக்கப் பொறுமையும், கறை பட்டால் பரவாயில்லை என்று ஒரு பழைய விரிப்பும் இருக்கிறவர்களுக்கு அது சரிப்படும். காக்காய்க் குளியல்காரனுக்குச் சரிப்படாது.

அடுத்து தண்ணீர் பாட்டில். வாசனை இல்லாததாகப் பார்த்துத்தான் சிஸ்டர் வாங்கியிருந்தார். வாசனை சேர்த்தது சிலருக்கு எரியுமாம். குளிருக்கு ஜில்லென்று இருந்தது, உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். ஒரு சொம்பு தண்ணீரில் போய்விடுகிறது. கறை இல்லை. விளக்கு நழுவவில்லை. ஒரே ஒரு குறை. சீக்கிரம் காய்ந்துவிடுகிறது.

காய்ந்தால்?

"என்னங்க... காஞ்சிருச்சு" என்றாள் தனம்.

அவ்வளவுதான். ஒரு சின்ன வார்த்தை. மறுபடி கொஞ்சம் போட்டால் தீர்ந்தது. இல்லாவிட்டால் விரலை நனைத்துத் தொட்டால்கூடப் போதும், திரும்ப வழவழப்பாகிவிடும்.

ஆனால் எனக்கு அந்த வார்த்தை... இரண்டு வருஷம் அவள் சொல்லாமல் விழுங்கிய வார்த்தை இல்லையா அது? அதை மறைக்கத்தானே சஷ்டியும் பிரதோஷமும் பௌர்ணமியும்? இப்போது சுவரைப் பார்க்காமல், என்னைப் பார்த்து, சாதாரணமாகச் சொல்கிறாள். சாம்பாரில் உப்பு பத்தவில்லை என்பது போல.

பத்தாம் வகுப்போடு நின்றவன் நான். எனக்குத் தெரிந்த கணக்கு இது. சிலிக்கான் காயாது, அதனால் யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் காய்ந்துவிடும், அதனால் சொல்லியாக வேண்டும், கேட்டாக வேண்டும். எங்களை மாதிரி பேசாமலே காலத்தை ஓட்டிய ஜோடிக்கு எது நல்லது?

பாட்டில் தீர்ந்ததும், இனிமேல் நான்தான் வாங்குவேன், சிஸ்டர் வாங்கித் தர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பொறாமைதான், வேறென்ன. நம் ஏரியா கடையில் கேட்க வெட்கம். மெட்ரோ ஏறி, தெரிந்த முகம் இல்லாத ஒரு கடைக்குப் போனேன். சைகையும் ஹிந்தியுமாகச் சொல்லி முடிப்பதற்குள் கடைக்காரர் சத்தமாக, "வாட்டர் வாலா யா சிலிக்கான் வாலா, அங்கிள்-ஜி?" என்றார். தண்ணீரில் செய்ததா, சிலிக்கானா என்று கேள்வி. எனக்குப் பின்னால் ஒரு வரிசையே நின்றது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "வாட்டர் வாலா, பையா" என்றேன். வரிசையில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவர் மட்டும், அவரும் என் வயதுதான் இருக்கும், பாட்டிலை உற்று உற்றுப் பார்த்தார். வீட்டில் அவர் ஹாலில் படுக்கிறாரோ என்னவோ.

இதையெல்லாம் பத்திரிகையில் எழுதலாமா என்று தனத்திடம் கேட்டேன். முழுக்கப் படித்துக் காட்டச் சொன்னாள். இரண்டு இடத்தை அடிக்கச் சொன்னாள், அடித்துவிட்டேன். "மக படிச்சிட்டா?" என்றாள். டெல்லியில் பிறந்த பெண்; 'ழ'வைக் கண்டால் பக்கத்தைப் புரட்டிவிடுவாள். அந்தத் தைரியம்தான்.

பாட்டிலை முருகன் முன்னால் வைத்தாயே, அது தப்பில்லையா என்று கேட்பீர்கள். யோசித்துப் பார்த்தேன். இவளை எனக்குக் கட்டி வைத்ததே அவன் சந்நிதியில்தான். அவளுக்கு வலிக்காமல் இருக்க வந்த ஒரு பொருளை அவன் முன்னால் வைக்காமல் வேறு எங்கே வைப்பது? அவனிடம் பட்ட பொறாமைக்கு மட்டும் போன கிருத்திகையன்று மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

சிஸ்டரிடம் இன்னும் கேட்கவில்லை. கேட்க மனசு வரவில்லை. இதை எழுதிக்கொண்டிருக்கிறேன், மாடியிலிருந்து சிரிப்புச் சத்தம் வருகிறது. விளக்கு விழுந்த கதையாகத்தான் இருக்கும். சிரிக்கட்டும்.

தண்ணீர் காய்ந்த கதை முதலில் வந்தது என்னிடம். மாடி வீட்டுக்கு மறுநாள்தான் போனது.