ஈரத்தில் வாடிய பதியன்கள்

பள்ளியிறுதியான ஐந்தாம் படிவத் தேர்வை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த மாதங்களில், எங்கள் தேயிலைத் தோட்டத்து நாற்றங்காலில் வேலைக்குச் சேர்ந்தேன். எண்பதுகளின் தொடக்கம் அது. ஓர் இலையும் ஒரு கணுவுமாக நறுக்கிய தேயிலைத் தண்டுகளை மண் நிறைத்த பைகளில் ஊன்றி, நிழற்பந்தலின்கீழ் வேர்விடச் செய்வோம். அவற்றுக்குப் பதியன் என்று பெயர். நீர் ஊற்றும் பொறுப்பு தொழிலாளர் குடியிருப்பு வரிசையான எங்கள் லயத்தில் அடுத்த வீட்டில் இருந்த அக்காவினுடையது. முழங்கால் வீங்கி மலையேற முடியாமற்போனதால், கொழுந்து பறிக்கும் வேலையிலிருந்து கங்காணி அவரை இங்கே மாற்றியிருந்தார்.

மழை நாள்களில் அட்டை மிகும். பறிக்கும் பெண்கள் கெட்டியான உப்புநீரில் ஊறிய துணியைக் காலில் சுற்றிக்கொண்டு மலையேறுவார்கள். அந்த உப்புநீர்ப் பீப்பாய் நாற்றங்கால் கொட்டகையின் பின்புறம் நின்றது. ஒரு சனிக்கிழமை, அதைக் கழுவிக் கவிழ்க்கும்படி கங்காணி என்னிடம் சொன்னார். அடியில் கால்பங்கு நீர் தேங்கியிருந்தது. அதைக் கொட்ட வேண்டிய ஓடை சரிவின் அடியில் இருந்தது. கைக்கெட்டும் தொலைவிலோ, கீழ்ப்பாத்திகளுக்கான நல்ல தண்ணீர்ப் பீப்பாய். இத்தனை நீரில் அந்த உப்பு என்ன செய்துவிடும் என்று எண்ணி, ஒருவரும் பாராத வேளையில் அதனுள் ஊற்றிவிட்டேன்.

திங்களன்று கீழ்ப்பாத்திப் பதியன்கள் தலைசாய்ந்தன. அக்கா மேலும் நீர் ஊற்றினார். மாலைக்குள் அவை இன்னும் துவண்டன.

“என்னம்மா, தண்ணி ஊத்துனியா, இல்ல குந்திக்கிட்டு கத பேசுனியா?” என்றார் கங்காணி.

“ரெண்டு வாட்டி ஊத்துனேன்லா! மண்ணத் தொட்டுப் பாருங்க, சேறா கெடக்கு.”

“சேறா கெடந்தா ஏன் சாவுது? தொர வந்து கேட்டா உன் முட்டிய காட்டவா?”

செவ்வாயன்று பூவாளியை நானும் ஏந்தினேன். கீழ்ப்பாத்திப் பீப்பாயின் அடியில் எஞ்சியிருந்ததை மொள்ளும்போது உதட்டில் ஒரு துளி தெறித்தது. கரித்தது. அங்கேயே நின்றுவிட்டேன்.

எங்கள் மலைநகரமான தானா ராத்தாவின் பள்ளியில் இதைப் படித்திருந்தேன். உயிரணுவைச் சூழ்ந்த சவ்வு தண்ணீரை எளிதில் விடும். உப்பை அவ்வாறு விடாது. சவ்வின் இருபுறமும் உப்பின் செறிவு வேறுபட்டால், அது குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்துக்கு நீர் செல்லும். வேரைச் சுற்றிய நீர் உப்பேறியிருந்தால், வேர் அதை உறிஞ்ச இயலாது. தன் நீரையும் இழக்கும். உயிரணுவின் உள்ளீடு சுருங்கிச் சுவரை விட்டு விலகும். அதன் படத்தை வரைந்து, பகுதிகளுக்கெல்லாம் மலாய்ப் பெயர் எழுதி முழு மதிப்பெண் பெற்றவள் நான். கண்முன்னே பாத்தி பாத்தியாக அதுவே நடந்தபோது, உப்பு நாவில் படும்வரை எனக்குத் தெரியவில்லை.

தெரிந்த பின்னும் அன்று வாய் திறக்கவில்லை. மாலையில் கங்காணி அக்காவிடம், “நாளையிலேர்ந்து பழையபடி மலைக்குப் போயிரும்மா. இங்க வேற ஆளு போடுறேன்” என்றார். அக்கா பூவாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் புறப்பட்டார். லயத்துக்கு ஏறும் படிகளில், ஒவ்வொரு படியிலும் இரண்டு கால்களையும் சேர்த்து வைத்த பிறகே அடுத்த படிக்கு ஏறினார். அவர் பின்னால் நானும் மெல்ல ஏறினேன்.

மறுநாள் விடியலில், ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில், அவர் கூடையுடன் மலைக்குச் செல்லும் வரிசையில் நின்றார். நான் கங்காணியிடம் சென்று, “மாமா, அட்டைக்கு வச்ச உப்புத்தண்ணிய நான்தான் அந்த டிரம்முல ஊத்துனேன். அக்கா மேல தப்பில்ல” என்றேன்.

“படிச்ச புள்ளன்னு உன்ன வச்சேன் பாரு!” என்று தலையிலடித்துக்கொண்டார். வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவர் என்னை விடுத்து அக்காவைப் பார்த்தார். “கூடைய கீழ வையி. எல்லாம் செத்துப்போச்சா, இன்னும் உசுரு இருக்கா, போயி பாரு.”

“நெறைய நல்ல தண்ணி விட்டா உப்பு கீழ எறங்கிரும், மாமா. சுருங்குனதுல கொஞ்சம் தேறும்” என்றேன்.

“அப்ப நீயே தூக்கு.”

பீப்பாயைத் தேய்த்துக் கழுவினேன். ஓடையிலிருந்து இரண்டு நாள் நீர் சுமந்தேன். அக்கா ஊற்றினார். பைகளின் அடித்துளைகள் வழியே நீர் வடிய வடிய, மீண்டும் ஊற்றினோம். அவர் என்னிடம் பேசியது ஒரே ஒரு முறை, இரண்டாம் நாளில்: “முந்தாநேத்தே தெரியுமா ஒனக்கு?” ஆம் என்றேன். காலிப் பூவாளியை என்னிடம் நீட்டினார்.

வெள்ளியன்று, கீழ்ப்பாத்திகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இலைகள் நிமிர்ந்திருந்தன. மற்றவை கருகிவிட்டன, அவற்றை நாங்கள் இருவருமே பிடுங்கினோம். அக்கா நாற்றங்காலிலேயே தங்கினார். அதுமுதல், பூவாளியை நிரப்புமுன் விரலைப் பீப்பாயில் தோய்த்து நாவில் வைத்துப் பார்ப்பது அவருக்கு வழக்கமாயிற்று. நான் அருகில் நின்றால், அந்த விரலைச் சற்று அதிக நேரம் சப்புவார்.