ஹிரா குகையில் அந்தோனியம்மா

என்ன சனங்களே, எல்லாரும் சுகமா? சாப்பிட்டாச்சோ?

என் மனைவி அந்தோனியம்மாவுக்கு நாளைக்கு இருதய ஒப்பரேஷன். சரியான பயம். மடுமாதா கோயில் மண்ணைத் தலையணைக்குக் கீழே வைத்து வளர்ந்தவள். மக்காவுக்குப் புறப்பட்ட காசிம் நானாவிடமும், "ஹிரா குகையிலை ஒரு பிடி மண் எடுத்து வாங்கோ" என்று கேட்டுவிட்டாள்.

நானா எங்கள் மன்னார்க்காரர். நாங்கள் பிழைக்க வந்த இந்த வெளிநாட்டு ஊரின் பல்லாரோ சந்தையில் மரக்கறி விற்கிறார். இந்த ஊர்க் கத்தரிக்காய் பூசணி மாதிரி உருண்டை, அது வேறு கதை.

அவர் திரும்பி வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டு இன்று சந்தைக்குப் போனேன். வெறுங்கையை விரித்தார்.

"மண் எடுக்கிறது எங்கடை வழக்கமில்லை, தம்பி. கோவிக்காதை."

பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

"விடியப்புறம் ஏறினன். கீழை ஊர் முழுக்க விளக்கு, மேலை காத்து மட்டும். நபிகள் தனிய இருந்த இடம். ஒராள் குந்தத்தான் இடம் காணும். என்ரை முறை வந்ததும் உன்ரை மனிசியின்ரை பேரைச் சொல்லித்தான் முதல் துஆ கேட்டன்."

கத்தரிக்காய்களுக்கு நடுவில் நின்றபடியே நானும் அந்த மலையில் ஏறிவிட்டேன்.

இதற்கு முதல் எந்த அந்தோனியம்மாவாவது அந்தக் குகைக்குள் போயிருப்பாளோ? தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

"இஞ்சாருங்கோ, மண் கிடைச்சதோ?"

அவள்தான் கூப்பிடுகிறாள். போய்ச் சொல்ல வேண்டும், மண் இஞ்சை வரேல்லையப்பா, உன்ரை பேர்தான் அங்கை போயிருக்கு என்று.