ஞாயிற்றுக்கிழமை மாற்றாத ஆணி

பிள்ளைக்குச் சட்டை தைக்க மிஷினுக்கு எண்ணெய் விட்டேன். அந்த வாசனையில், நாகர்கோவிலில் அப்பாவின் வாடகைக் கார் நின்ற கொட்டகையும், கிளச்சை மிதிக்கும்போதெல்லாம் அதன் கம்பியை இணைக்கும் தேய்ந்த ஆணி கடகடத்த சத்தமும் திரும்பி வந்தன. பட்டறையில் கடைந்த புது ஆணி சனிக்கிழமை மாலைதான் கைக்கு வந்தது. மறுநாள் காலையில் அத்தை, "மதினி நிறைமாசமா கெடக்கா, ஆணிய மாத்திப் போடு அண்ணே" என்றாள்.

"கர்த்தருக்க நாளாக்கும் ஏட்டி. நாளைக்கு மாத்துதேன்."

ஏழு வயதுக்காரி நானும் கெஞ்சியிருக்கலாமோ? மதியம் அம்மாவுக்கு வலி கண்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் பழைய ஆணி முறிந்து கார் நின்றுவிட்டது. அப்பா மண்ணில் படுத்துப் புதியதை மாட்டி முடிப்பதற்குள், பின்சீட்டில் பிறந்த தம்பி அழாமலே போய்விட்டான்.

மறுநாள் அடக்கத்துக்கு வந்த சபை உபதேசியார், "ஆபத்துக்கு ஓய்வுநாளிலும் வேலை செய்யலாமே" என்றார்.

"அத நேத்து கோயில்ல சொல்லியிருக்கப்பிடாதா ஐயா?" என்றார் அப்பா.