ஆறுதல் சொல்லப் போன உபதேசியார்

உபதேசியார் வேலையில் சபையாரை அழவைப்பது சுலபம்; ஏற்கெனவே அழுதுகொண்டிருப்பவர் எதிரில் போய் உட்காருவதுதான் கஷ்டம்.

தொண்ணூறுகளில் மைசூரில் ஒரு சிறிய தமிழ்ச் சபைக்கு நான் உபதேசியாராக இருந்தேன். போதகருக்கு மூன்று சபைகள். அதனால் சாவு வீடு, நோயாளி வீடு, வேலை போன வீடு என்று எங்கே கஷ்டமோ அங்கே சைக்கிளில் போய் ஜெபித்துவிட்டு வருவது என் பொறுப்பு. துக்கம் விசாரிக்கப் போய், பேச வார்த்தை கிடைக்காமல் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். என் பாடு உங்களுக்குப் புரியும்.

முதல் துக்க வீடு

ரயில்வே பணிமனையிலிருந்து ஓய்வுபெற்ற தேவசகாயம் இறந்துபோனார். எனக்கு அதுதான் முதல் துக்க வீடு. வழியெல்லாம் ஜெபத்தை மனப்பாடம் செய்துகொண்டே போனேன். ஆதாமில் ஆரம்பித்தேன். மோசே செங்கடலைத் தாண்டுவதற்குள் தலைமாட்டில் இருந்த மெழுகுவர்த்தி பாதி கரைந்துவிட்டது. ஒருவழியாக ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால் வீடே நிசப்தமாக இருந்தது. எல்லோரும் உருகிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

அவர் மனைவி ரோஸம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கணவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "கோயில்ல பிரசங்கம் ஆரம்பிச்சா அஞ்சு நிமிஷத்துல பீடி குடிக்க வெளிய போயிடுவாரு. ஒண்ணை முழுசா இருந்து கேட்டது இன்னிக்குத்தான் ஐயா."

குருவியும் மாமியாரும்

மைசூரின் தொழிற்பேட்டையான ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையை மூடியபோது எங்கள் சபையைச் சேர்ந்த செல்வராஜுக்கு வேலை போயிற்று. விதைக்காமல் அறுக்காமல் பிழைக்கும் பறவைகளைப் பற்றிய வேதப்பகுதியை எடுத்துக்கொண்டு போனேன். வாசித்து முடித்ததும், "குருவிக்குக் கவலை உண்டா?" என்று கேட்டேன். செல்வராஜின் மனைவி மேரி கொஞ்சம் யோசித்தாள். "குருவிக்கு மாமியார் இல்லீங்களே ஐயா. எங்க அத்தை சோறு சாப்பிட்டாத்தான் மாத்திரை போட முடியும்" என்றாள். அவள் சொன்னது பரிகாசமில்லை. வேதாகமத்தை மூடினேன். டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

எங்கள் சபைப் பெண்கள் தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்து, ஞாயிற்றுக்கிழமை காணிக்கையாகக் கொண்டுவருவார்கள். போதகரிடம் கேட்டு, அந்த வாரத்து அரிசி முழுவதையும் மூட்டையாகக் கட்டி, கேரியரில் வைத்துக்கொண்டு ஹெப்பாளுக்கு மிதித்தேன். செல்வராஜுக்கு ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை கிடைக்கும்வரை நான்கு மாதம் அப்படியே மிதித்தேன். முதல் மூட்டையைப் பிரித்து மேரி உள்ளே கையை விட்டுப் பார்த்தாள். பொன்னி, புழுங்கல், இட்லி அரிசி, ரேஷன் அரிசி எல்லாம் கலந்து கிடந்தது. "இதுல பாதி வெந்து குழையும், பாதி வேகாது. ஆனா அன்னிக்கு நீங்க வாசிச்சது இப்பத்தான் புரியுது ஐயா."

கன்னட ஜெபம்

எங்கள் சபைப் பெண் ஜெனிபர் பி.யு.சி., அதாவது நம்மூர் பிளஸ் டூ, படித்துக்கொண்டிருந்தாள். காய்ச்சலில் அவள் அம்மா திடீரென்று போய்விட்டாள். ஒரு வாரமாக அந்தப் பெண் அழவில்லை, யாரோடும் பேசவில்லை. வைத்த சோறு தட்டிலேயே காய்ந்தது. ஆட்டோ ஓட்டும் அவள் அப்பா என்னை வாசலிலேயே நிறுத்தி, "அவளுக்குத் தமிழைவிடக் கன்னடம்தான் மனசுல இறங்கும். கன்னடத்துலயே ஜெபிங்க ஐயா" என்றார்.

என் கன்னடம் தேவராஜா மார்க்கெட்டில் கத்தரிக்காய் வாங்கக் கற்றுக்கொண்டது. கன்னடத்தில் 'பேடுத்தேவெ' என்றால் 'வேண்டிக்கொள்கிறோம்'. 'பேட' என்றால் 'வேண்டாம்'. மார்க்கெட்டில் எனக்கு இரண்டாவதுதான் அதிகம் தேவைப்பட்டது. அந்தப் பழக்கத்தில், கண்ணை மூடிக்கொண்டு, தழுதழுத்த குரலில், "ஸ்வாமி, நமகெ நீவு பேட" என்று மூன்று முறை சொல்லிவிட்டேன். ஆண்டவரே, எங்களுக்கு நீர் வேண்டாம்.

அவள் அப்பா இருமினார். கண்ணைத் திறந்தேன். ஜெனிபர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பு அப்படியே அழுகையாக உடைந்தது. அப்பா அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். வெகுநேரம் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு தமிழில் சொன்னாள்: "ஒரு வாரமா நானும் ஆண்டவர்கிட்ட அதையேதான் சொல்லிட்டிருக்கேன் அங்கிள். நீங்களும் சொன்னது நல்லதாப் போச்சு."

என் வீட்டுக்கு வந்தவர்

அதற்குப் பிறகு என் முறை வந்தது. சிறுநீரகம் பழுதாகி, ஏழு மாதம் படுக்கையில் இருந்து, என் மனைவி எஸ்தர் போய்ச் சேர்ந்தாள். சபையார் எல்லோரும் வந்தார்கள். நான் அவர்கள் வீடுகளில் சொன்னதையெல்லாம் ஒரு வார்த்தை பிசகாமல் என்னிடமே திருப்பிச் சொன்னார்கள். அவற்றில் எத்தனை காதில் ஏறும், எத்தனை ஏறாது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

எங்கள் கோயிலில் மணி அடிக்கும் சாமுவேல் மட்டும் எதுவும் சொல்லவில்லை. தினமும் காலையில் பிளாஸ்கில் காபி கொண்டுவருவார். பாதி சிக்கரி, பாதி சர்க்கரை. நான் குடித்து முடிக்கும்வரை பேப்பர் படிப்பார். பிறகு பிளாஸ்கைக் கழுவி எடுத்துக்கொண்டு போய்விடுவார். பத்தாவது நாள் நானே வாயைத் திறந்தேன். "சாமுவேல், ஜெபிக்க வாய் வரமாட்டேங்குது. எனக்கு விசுவாசமே போயிடுச்சோன்னு பயமா இருக்கு."

அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு இன்னொரு டம்ளர் ஊற்றினார். "அதுக்கென்ன ஐயா. இந்த மாசம் உங்களுக்கும் சேத்து நாங்க விசுவாசிக்கிறோம். நீங்க மெதுவா வந்து சேருங்க."

மெதுவாகத்தான் வந்து சேர்ந்தேன். ஆறுதல் சொல்வதை உத்தியோகமாக வைத்திருந்தவன் நான், அதை ஒழுங்காகச் செய்தவர்கள் எல்லாம் வேறு ஆட்கள்.