ஜூடித் கற்ற ஜெர்மன் ‘நிறைய’

மைசூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் பதினான்கு வருடமாக நர்ஸாக இருந்த ஜூடித், நாற்பது வயதில் ஜெர்மன் வகுப்பில் சேர்ந்தாள். ஜெர்மனியில் ஒரு நர்ஸுக்கு இத்தனை நோயாளிகள்தான் என்று வரம்பு உண்டு என யாரோ சொன்னார்கள். அந்த ஒரு காரணமே அவளுக்குப் போதும்.

ஒரு வியாழக்கிழமை பகல் டூட்டியில் இருபத்திரண்டு பேருக்கு அவள் ஒருத்திதான். மணி அடித்தும் ஆள் வராததால் பாப்பாயி என்ற நோயாளி தானே எழுந்து கழிவறைக்குப் போய் வழுக்கி விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது.

நர்ஸுகளின் மேலதிகாரி ராணி கூப்பிட்டு, “உன் தப்புன்னு எழுதிக் குடும்மா. வார்டுல லோடு தும்பா இருக்கு, கொத்தல்வா? நீதான் அட்ஜஸ்ட் பண்ணணும்” என்றாள். கன்னடத்தில் ‘தும்பா’ என்றால் நிறைய; ‘கொத்தல்வா’ என்றால் தெரியுமல்லவா.

அந்தக் கொதிப்போடுதான் ஜூடித் சாயங்கால வகுப்புக்குப் போனாள். ஆசிரியர் மெர்வினுக்கு இருபத்தாறு வயது. ஜெர்மனில் ‘நிறைய’ என்பதற்கு இரண்டு வடிவம் என்றான். தண்ணீர், நேரம் போல எண்ண முடியாததற்கு ‘ஃபீல்’. புத்தகங்கள், வீடுகள் போல எண்ணக்கூடியதற்கு ‘ஃபீலெ’.

“சிஸ்டர், உங்க வேலைய வெச்சு ஒண்ணு சொல்லுங்க.”

“ஃபீல் பாட்ஸியென்டன்.” நிறைய நோயாளிகள்.

“ஃபீலா? பேஷண்ட்ஸ லிட்டர்லயா அளக்குறீங்க?”

வகுப்பே சிரித்தது. ஜூடித் எழுந்தாள்.

“ஆமா சார். கட்டில் காலியானா அடுத்த ஆள ஊத்துறாங்க. எண்ணுறதுக்கு யாருமில்ல. இன்னிக்கு ஒரு அம்மாவுக்குக் கை ஒடஞ்சுது. நல்லா சிரிங்க.”

வகுப்பு முடியும் முன்பே வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோதும் ஆத்திரம் தணியவில்லை. இத்தனை வருடத்தில் தானும் ஒருநாள்கூட எண்ணிப் பார்த்ததில்லை என்பதுதான் அவளை அதிகமாகச் சுட்டது.

மறுநாள் டூட்டி பதிவேட்டைப் பார்த்து, கடைசி முப்பது நாளில் எத்தனை நோயாளிகள், எத்தனை நர்ஸுகள் என்று நாள்வாரியாக எழுதி ராணியிடம் கொடுத்தாள். மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை. ராணி படித்துவிட்டுக் கத்தினாள்.

“இத மொதல்ல கிழி!”

“நீங்களே கிழிங்க மேடம். ஒரு காப்பி நிர்வாகத்துக்குப் போயாச்சு. இன்னொண்ணு பாப்பாயி அம்மாவோட மகன் கையில இருக்கு.”

அடுத்த வகுப்பில் மெர்வின் எழுந்து வந்து, “ஸாரி சிஸ்டர், தெரியாம சொல்லிட்டேன்” என்றான்.

“ஸாரி இருக்கட்டும் சார். அன்னிக்கு நான் விட்ட பாடத்த நடத்துங்க.”

‘ஃபீலெ பாட்ஸியென்டன், ஃபீல் ஆர்பைட்’ என்று அவள் எழுதிய அழுத்தத்தில் தாள் கிழிந்தது. நிறைய நோயாளிகள், நிறைய வேலை.

பாப்பாயியின் மகன் புகார் கொடுத்தபின் அந்த வார்டுக்கு இன்னொரு நர்ஸ் வந்தாள். ஜூடித்துக்கு விளக்கம் கேட்டு ஒரு மெமோவும், வெளிநோயாளிகள் பிரிவுக்கு மாற்றலும் வந்தன. மெமோவுக்கு அவள் இதுவரை பதில் எழுதவில்லை. நடைவழியில் ராணி எதிர்ப்பட்டால் வழிவிட்டு ஒதுங்குவதுமில்லை.