தமிழ் வளைவுக்கு ஒரு கார்ட்

ஆக்லாந்தில் சோதிலிங்கத்தைத் தெரியாத தமிழர் ஒருவர் இருந்தால், அவர் நேற்றுத்தான் விமானத்தில் வந்து இறங்கியிருக்க வேண்டும். அப்படி இறங்கியவரையும் சோதிலிங்கம் விடமாட்டார். பாபடோயிட்டோய் கடைத்தெருவில் மறித்து, கையில் 'வெண்முகில்' பிரதி ஒன்றைத் திணித்து, தான்தான் அதன் ஆசிரியர் என்று சொல்லிவிட்டுத்தான் வழிவிடுவார். 'வெண்முகில்' தமிழ்ச் சங்கத்தின் காலாண்டிதழ். மொத்தம் பன்னிரண்டு பக்கம். அதில் ஆசிரியர் பெயர் ஆறு இடத்தில் வரும், இரண்டு இடத்தில் படத்தோடு.

எங்கே வேலை என்று கேட்டால் "எயார்போட்டிலை" என்பார். அதற்கு மேல் கேட்கக் கூடாது. கேட்டால் சரக்குக் கொட்டகையில் பெட்டி தள்ளுவது வெளியே வந்துவிடும். யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், பிரதம எழுதுவினைஞராக இருந்தவர், தொண்ணூற்றிரண்டில் அகதியாக வந்து, தன் வயதில் பாதிகூட இல்லாத மேற்பார்வையாளன் "சோ" என்று கூப்பிட்டதும் ஓட வேண்டியவராகிவிட்டார். அது அவருக்கு உண்மையாகவே வலித்தது. அந்த வலிக்கு அவர் இரண்டு மருந்து வைத்திருந்தார். ஒன்று ஆசிரியர் பதவி. மற்றது விமானம்.

விமானம் என்றால் கம்ப்யூட்டர் விளையாட்டில் ஓட்டும் விமானம். சங்கத்தின் கம்ப்யூட்டர், ஆசிரியர் என்ற முறையில், அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் குடியிருந்தது. வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றியதும் அதன் முன்னால் உட்கார்ந்து, சண்டை விமானத்தில் ஏறி, நாலு பாலத்தைத் தகர்த்த பிறகுதான் தேத்தண்ணி குடிப்பார். ஊரில் விமானச் சத்தம் கேட்டால் பங்கருக்குள் முதல் ஆளாகப் பாய்ந்தவர் இவர்தான் என்று மனைவி ரதிதேவி ஞாபகப்படுத்துவாள். அது வேறு விமானம் என்று சோதிலிங்கம் திரையைப் பார்த்தபடியே பதில் சொல்வார்.

அப்படியானால் இதழ் எப்படி வந்தது என்று கேட்கலாம். கச்சேரியில் எழுதுவினைஞர் எழுதுவார், தட்டச்சாளர் அடிப்பார். எழுதுவினைஞர் தட்டச்சுப் பொறியில் கை வைத்தால் பதவி இறங்கிவிட்டார் என்று அர்த்தம். ரதிதேவி அதே கச்சேரியில் தட்டச்சாளராக இருந்தவள். கல்யாணம் ஆகி, கச்சேரி போய், ஊர் போய், நாடே மாறிய பிறகும் அந்த வீட்டில் இந்த ஒழுங்கு மட்டும் மாறவில்லை. அவள் முதியோர் இல்லத்தில் நாள் முழுக்கக் குனிந்து படுக்கை விரித்துவிட்டு வந்து, சாப்பாட்டுக் கதிரையில் முதுகுக்குத் தலையணை வைத்து, பன்னிரண்டு பக்கமும் அடிப்பாள். அவர் பின்னால் நின்று, கால்புள்ளி எங்கே என்று கேட்பார். அச்சகத்தின் பெயர் இதழில் வரும். விளம்பரம் கொடுத்த சான்ட்ரிங்ஹாம் மளிகைக் கடையின் பெயர் வரும். ரதிதேவியின் பெயர் மூன்று வருடத்தில் ஒரு மூலையிலும் வந்ததில்லை.

தொண்ணூற்றெட்டு ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், சோதிலிங்கம் ஓடுபாதையில் இறங்கும் நேரம் பார்த்து, கம்ப்யூட்டர் 'டப்' என்றது. பிளாஸ்டிக் கருகும் மணம் வந்தது. திரை இருண்டது. அவர் மனம் உடைந்துதான் போனார், ஆனால் அரை மணி நேரத்தில் தேறிவிட்டார். ஏனென்றால் ஒரு வருடமாக அவருக்கு ஓர் ஆசை இருந்தது. அந்தப் பழைய கம்ப்யூட்டரில் விமானம் தட்டித் தட்டி நகரும், மலையெல்லாம் சவர்க்காரப் பெட்டி மாதிரி சதுரமாகத் தெரியும். த்ரீ டி கார்ட் என்று ஒன்று வந்திருக்கிறது, அதைப் போட்டால் கடல் மினுங்கும், மேகம் மேகமாகவே இருக்கும் என்று வேலையிடத்தில் கதைத்துக்கொண்டார்கள். இப்போது வாய்ப்பு வீடு தேடி வந்திருந்தது.

தமிழின் எதிர்காலம் பற்றித் தலையங்கம் எழுதிக்கொண்டிருக்கும்போதே கம்ப்யூட்டர் எரிந்துவிட்டதாக அவர் சங்கச் செயற்குழுவுக்கு அறிவித்தார். செயற்குழு கவலைப்பட்டு, பழுதான பாகங்களை மாற்ற அறுநூறு டொலர் வரை ஒதுக்கியது. செய்தியைக் கேட்ட ரதிதேவி, ஒடாஹுஹுவில் பழைய தளபாடம் விற்கும் கடையில் முதுகு தாங்கும் கதிரை ஒன்று அறுபத்தைந்து டொலருக்குக் கிடக்கிறது, அதையும் சேர்த்து எடுக்கலாமா என்று கேட்டாள். தட்டச்சு முடிந்து எழும்பும்போது நாரி பிடித்து, இடுப்பை நிமிர்த்த முடியவில்லை என்றும் சொன்னாள்.

சோதிலிங்கம் அதிர்ந்து போய்விட்டார். "பொதுக்காசிலை கதிரையோ? சனம் என்ன கதைக்கும்?" என்றார்.

மறு சனிக்கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒடாஹுஹு போனார். அங்கே மீன் கடைக்கு மேல்மாடியில் பழனிவேல் என்ற திருச்சி இளைஞன் கம்ப்யூட்டர் திருத்தும் கடை வைத்திருந்தான். அவன் பெட்டியைத் திறந்து, முகர்ந்து, இரண்டு வயரைக் கழற்றி மாட்டி, பத்தே நிமிடத்தில் நோயைச் சொல்லிவிட்டான். "பவர் சப்ளை மட்டும்தான் சார் போயிருக்கு. எழுபத்தஞ்சு டாலர். மத்ததெல்லாம் நல்லா இருக்கு."

நல்ல செய்தி கேட்டு இப்படி முகம் கறுத்த வாடிக்கையாளரைப் பழனிவேல் கண்டதில்லை. சோதிலிங்கம் வேறு ஏதாவது கருகியிருக்கும், வடிவாகப் பார்க்கச் சொன்னார். அவன் பார்த்தான், ஒன்றுமில்லை என்றான். உள்காயம் ஏதும் இருக்கலாமே என்றார். சின்ன வருத்தத்துக்குப் பெரிய ஒப்பரேஷன் கேட்டு டொக்டரிடம் கெஞ்சும் நோயாளி மாதிரி அவர் அந்தக் கடையில் அரை மணி நேரம் நின்றார். கடைசியில் விஷயத்தைச் சுற்றி வளைத்து, பட்ஜெட் அறுநூறு என்றும், தமிழ் இதழ் வேலைக்குத்தான் என்றும், ஆனாலும் த்ரீ டி கார்ட் வேண்டும் என்றும் சொல்லி முடித்தார்.

பழனிவேல் நேர்மையான பையன். இதழ் வேலைக்கென்றால் மெமரி கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம், பெரிய ஹார்ட் டிஸ்க் போடலாம், மிச்சக் காசை வீட்டுக்குக் கொண்டு போகலாம் என்றான். அந்தக் கார்டைப் பற்றியும் ஒளிக்காமல் சொன்னான். "அது பழைய கார்டுக்குப் பக்கத்துல சும்மா உக்காந்திருக்கும் சார். கேம் ஓடினாத்தான் முழிக்கும். எழுத்து அடிக்கும்போது தூங்கிட்டுதான் இருக்கும்."

"தூங்கட்டும் தம்பி" என்றார் சோதிலிங்கம்.

கடதாசி எடுத்துக் கணக்குப் போட்டார்கள். பவர் சப்ளை எழுபத்தைந்து. கார்ட் முந்நூற்று நாற்பத்தொன்பது. விமானம் தட்டாமல் பறக்க மெமரி நூற்றுப்பத்து. மிச்சம் அறுபத்தாறு டொலர் இருந்தது. அறுபத்தாறு என்ற எண்ணைப் பார்த்ததும் கதிரை ஞாபகம் அவருக்கு வராமல் இல்லை. வந்தது. ஆனால் அதே நேரத்தில் கண்ணாடி அலுமாரியில், விமானிகளின் கைப்பிடி மாதிரி, விசை வைத்த ஜாய்ஸ்டிக் ஒன்று ஐம்பத்தொன்பது டொலர் என்ற சீட்டோடு அவரைப் பார்த்தது. பொதுக்காசில் கதிரை வாங்கக் கூடாது என்ற கொள்கையில் அவர் உறுதியாக நின்றார். ஜாய்ஸ்டிக்கைப் பற்றிக் கொள்கை எதுவும் இல்லை. பில்லில் அதை எப்படி எழுதுவது என்ற சிக்கல் வந்தபோது, பழனிவேல் யோசித்துவிட்டு 'இன்புட் டிவைஸ்' என்று எழுதினான். அதில் பொய் இல்லை.

பில் செயற்குழுவுக்கு வந்தது. பொருளாளர் குணரத்தினம், நகரத்தில் கணக்காளர், ஒரு டொலரையும் சும்மா விடாதவர், கண்ணாடியை இறக்கி, முந்நூற்று நாற்பத்தொன்பது டொலருக்கு என்ன சாமான் என்று கேட்டார். சோதிலிங்கம் எழுந்து நின்றார். ஆங்கில எழுத்து வெறும் கோடு என்றார். தமிழ் அப்படியா, இருநூற்று நாற்பத்தேழு எழுத்து, ஒவ்வொன்றும் வளைவு, சுழி, கொம்பு. வெள்ளைக்காரன் கோட்டுக்காகச் செய்த கார்ட் எங்கள் வளைவைத் தாங்காது, மூன்று வருடம் தாங்கித்தான் எரிந்து போனது, ஆகவே வளைவுக்கென்றே செய்த கார்ட் தேவைப்பட்டது என்றார். இன்புட் டிவைஸ், புள்ளியை இம்மியும் பிசகாமல் குத்துவதற்கு.

சபை புல்லரித்துப் போனது. குணரத்தினமே நெகிழ்ந்துவிட்டார். நம் மொழியின் ஆழத்தை ஓர் இயந்திரமும் தாங்காது என்று தன் பங்குக்கு ஐந்து நிமிடம் பேசி, தீர்மானத்தை அவரே வழிமொழிந்தார். அந்தப் பேச்சு கூட்டக் குறிப்பில் அப்படியே பதிவானது.

பிறகு வந்த ஐந்து வாரமும் சோதிலிங்கத்தின் வாழ்க்கையில் பொற்காலம். கடல் மினுங்கியது. மேகத்துக்குள் புகுந்து மறுபக்கம் வரும்போது அவருக்குக் கண் கலங்கியதுகூட உண்டு. அங்கே அவரை யாரும் "சோ" என்று கூப்பிடவில்லை.

கெடுத்தது குணரத்தினத்தின் தமிழ்ப்பற்று. வளைவுச் செய்தியை அவர் தன் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பார்க்கும் வெள்ளைக்காரப் பையனிடம் பெருமையாகச் சொல்ல, அவன் சிரித்த சிரிப்பு அடங்கக் கால் மணி நேரம் ஆனதாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் குணரத்தினம் சொல்லாமல் கொள்ளாமல் வாசலில் நின்றார். விமானம் வானத்தில் இருந்தபோதே திரையை அணைத்துவிட்டு சோதிலிங்கம் கதவைத் திறந்தார்.

குணரத்தினம் மேசையைப் பார்த்தார், விசை வைத்த கைப்பிடியைத் தூக்கிப் பார்த்தார், வைத்தார். கோபத்தை அடக்கி, வளைவைக் கொஞ்சம் பார்க்கலாமா, ஒரு வரி அடித்துக் காட்டுங்கள் என்றார். சோதிலிங்கம் கதிரையில் உட்கார்ந்தார். விசைப்பலகையில் ஆங்கில எழுத்துத்தான் இருந்தது. எந்த எழுத்தை அமுக்கினால் 'அ' வரும் என்பது 'வெண்முகில்' ஆசிரியருக்குத் தெரியாது. விரல் நாலைந்து தரம் இறங்கி ஏறியது. கடைசியில் குசினிப் பக்கம் பார்த்து ரதிதேவியைக் கூப்பிட்டார்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். குணரத்தினம் கொஞ்ச நேரம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தங்கச்சிதானோ இவ்வளவு காலமும் அடிச்சது?"

"ஓம் அண்ணை. என்னத்தை அடிக்க?"

வளைவு உள்ளது எதுவென்றாலும் சரி என்றார் அவர். ரதிதேவி உட்காரவில்லை. நின்றபடியே, விசைப்பலகையைப் பார்க்காமலே அடித்தாள். எழுத்துகள் குண்டு குண்டாக, சுழி சுழியாகத் திரையில் வந்து விழுந்தன.

'மூன்று வருடமாக இதழை அடிப்பவள் ரதிதேவி. பழைய கார்டிலும் எழுத்து இப்படித்தான் வளைந்தது. எனக்கு நாரி நோகிறது. இனி ஆசிரியரே அடிப்பார்.'

கடைசிப் புள்ளியைக் குத்திவிட்டு அவள் குசினிக்குப் போனாள். சோதிலிங்கத்துக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. குணரத்தினம் நாலு வரியையும் இரண்டு தரம் வாசித்தார். சங்கத்தைக் கூட்டி ஆளைக் கிழித்திருக்கலாம்தான். ஆனால் தன் ஐந்து நிமிடப் பேச்சு குறிப்பேட்டில் கிடப்பது அவருக்கு நினைவு வந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எழுத்து வடிவாத்தான் வளையுது. அறிக்கையிலை அப்பிடியே எழுதிவிடுறன். தீபாவளி மலருக்கு மூண்டு கிழமைதான் கிடக்கு, ஆசிரியர்" என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போனார்.

ரதிதேவி மனம் மாறுவாள் என்று சோதிலிங்கம் இரண்டு நாள் காத்திருந்தார். அவள் வேலையால் வந்து, கால் நீட்டிப் படுத்து, நூலகத்தில் எடுத்த புத்தகம் ஒன்றை வாசித்தாள். மூன்றாம் நாள் அவரே உட்கார்ந்தார். 'ழ' எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு பின்னேரம் போனது. முதல் பக்கத்துக்கு நாலு நாள் ஆனது. அந்தக் கிழமைகளில் விமானம் ஒரு தரமும் எழும்பவில்லை. பழனிவேல் சொன்னது போலவே, முந்நூற்று நாற்பத்தொன்பது டொலர் கார்ட் பெட்டிக்குள் நிம்மதியாகத் தூங்கியது.

ஐந்தாம் பக்கத்தில் அவருக்கு நாரி பிடித்தது. மேசையைப் பிடித்து எழுந்து, வளைந்தபடியே குசினி வாசலுக்குப் போய், ஒடாஹுஹுவில் ஏதோ கதிரை கிடக்கிறது என்றாயே, செயற்குழுவில் கேட்டுப் பார்க்கட்டா என்று மெல்லக் கேட்டார்.

ரதிதேவி அடுப்பிலிருந்து திரும்பவில்லை.

"பொதுக்காசிலை கதிரையோ? சனம் என்ன கதைக்கும்?" என்றாள். பிறகு கொஞ்சம் இரங்கி, "தலையணை அறைக்குள்ளை கிடக்கு. எடுத்து வையுங்கோ" என்றாள்.