கேட்டால் கையை உயர்த்துங்கள்

செவ்வாய்க்கிழமை காலை, இரண்டாம் பாடம் தொடங்குவதற்குச் சற்று முன்பு அதிபர் என்னை ஆசிரியர் அறை வாசலுக்கு அழைத்தார். நிஸ்தார் சேர் இன்னும் வரவில்லை, அவருடைய வகுப்பையும் என் தலையில் கட்டப்போகிறார் என்று நினைத்து, "சேர், எனக்கு இண்டைக்கு மூச்சுவிட நேரமில்லை" என்று முந்திக்கொண்டேன். அதிபர் கையில் தொலைபேசி இருந்தது.

"டீச்சர், நிஸ்தார் சேர் மோசம் போயிட்டாராம். விடியத் தொழுதிட்டு வந்து கதிரையில இருந்தவராம். அப்பிடியேயாம். மத்தியானத் தொழுகையோட அடக்கம்."

"எந்த நிஸ்தார்?" என்று கேட்டேன். எங்கள் பாடசாலையில் ஒரே ஒரு நிஸ்தார் சேர்தான் இருந்தார். அப்படியும் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை மாலை அவர் லிங்கநகரில் எங்கள் வீட்டு ஹோலில், தரையில் சப்பணம் கட்டி இருந்து வயர்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். என்னோடு சண்டை பிடித்தார். சனிக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அப்படிப்பட்ட மனிதர் செவ்வாய்க்கிழமை மத்தியானம் மண்ணுக்குள் போவதென்றால் யார்தான் நம்புவது?

ஆசிரியர்கள் எல்லோரும் ஒரு வான் வண்டியில் நெருக்கியடித்துக்கொண்டு கிண்ணியாப் பாலம் கடந்து போனோம். குறிஞ்சாக்கேணியில் அவருடைய வீட்டை அடைந்தபோது ஜனாஸா புறப்பட்டுவிட்டது. ஆண்கள் பள்ளிவாசல் பக்கம் ஓடினார்கள். பெண்கள் நாங்கள் வீட்டுக்குள் போனோம். எங்கள் கத்தோலிக்க வீடுகளில் ஓரிரு நாள் உடலை வைத்திருப்போம். முகத்தைப் பார்த்துப் பார்த்து மனம் மெல்ல மெல்ல ஏற்றுக்கொள்ளும். இறந்தவரைக் காக்க வைப்பதில்லை என்பது அவர்களுடைய வழக்கம். அது நல்ல வழக்கந்தான். ஆனால் என் மனத்துக்கு அந்த வேகம் இல்லை. நான் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அவருடைய மனைவி பரீதா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்ன முதல் வார்த்தை இதுதான்: "டீச்சர், சனிக்கிழம உங்கட ஊட்ட போகணும் எண்டு சட்டைய அயன் பண்ணித் தொங்கப் போட்டிருந்தாரு. அந்தா இரிக்கி, பாருங்க." நீல நிறச் சட்டை. அலுமாரிக் கதவில் தொங்கியது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நிஸ்தார் சேர் எங்கள் பாடசாலையின் விஞ்ஞான ஆசிரியர். நானும் அவரும் ஏறக்குறைய ஒரே காலத்தில் அங்கே மாற்றம் பெற்று வந்தவர்கள், ஒரே வயதுக்காரர்கள். ஆசிரியர் அறையில் அவருடைய மேசையும் என்னுடையதும் அருகருகே. முன்கோபம் உண்டு, அதைவிட வேகமாகச் சிரிப்பு வரும். நேரத்துக்கு வந்தார் என்று அவருடைய எதிரிகூடக் குற்றம் சாட்ட முடியாது. உடம்பில் சீனி வருத்தம், இனிப்பு ஆகாது; அப்படியிருந்தும் மற்றவர்களுடைய தேநீர்க் கோப்பையைக் கள்ளமாக எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு வைப்பார்.

பாடசாலையில் பெரிய திரையும் கணினியும் வைத்து ஓர் அறை அமைத்தபோதுதான் அவருடைய இன்னொரு முகம் எங்களுக்குத் தெரிந்தது. படமும் ஒலியும் சேர்ந்து ஓர் அறையை நிறைக்க வேண்டும் என்பதில் அவருக்கு அப்படி ஒரு பித்து. அதன் பிறகு, வீட்டுத் தொலைக்காட்சியோடு கணினி பொருத்திப் படம் பார்க்க ஆசைப்பட்ட ஆசிரியர்கள் எல்லோரும் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். என்ன மாதிரி வாங்குவது என்று கேட்டால், உடனே பதில் சொல்ல மாட்டார். திருப்பிக் கேட்பார்.

"என்ன பாக்கப் போறீங்க? ஆரு பாக்கப் போறா? எங்க இருந்து பாக்கப் போறா? இத மூண்டையும் சொல்லுங்க. பிறகு பொட்டியப் பத்திக் கதைப்பம்."

அவரிடம் கேட்காமலே வாங்கியவர் எங்கள் உப அதிபர். மகனுடைய சொல்லைக் கேட்டு, விளையாட்டுக்காரர்கள் வைத்திருக்கும் பெரிய கணினியை வாங்கிவந்து தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டார். சிவப்பு, பச்சை, ஊதா என்று மாறி மாறி வெளிச்சம் அடிக்கும். அதன் விசிறிகள் போடும் சத்தத்தில் படத்தின் வசனம் கேட்காது. எங்களை எல்லாம் விருந்துக்கு அழைத்துக் காட்டினார். நிஸ்தார் சேர் பிரியாணியை முடித்துவிட்டு அமைதியாகச் சொன்னார்: "சேர், நல்ல மெசின். இதுல படமும் பாக்கலாம், நெல்லும் குத்தலாம்." உப அதிபர் ஒரு கிழமை அவரோடு கதைக்கவில்லை. பிறகு அவரே கூப்பிட்டு, அதை மகனுடைய அறைக்கு மாற்றிவிட்டு, புத்தகம் அளவான சிறிய, சத்தமில்லாத பெட்டி ஒன்றை நிஸ்தார் சேரைக் கொண்டே தொலைக்காட்சியோடு இணைத்துப் பூட்டினார்.

எனக்குக் கணினியின் தலையும் தெரியாது, வாலும் தெரியாது. தேவையும் இருக்கவில்லை. என் மகள் ஷாமினிக்குக் கனடாவில் திருமணம் நிச்சயமாகி, எனக்கும் கணவருக்கும் விசா மறுக்கப்பட்ட அன்றுதான் தேவை வந்தது. ஒரே பிள்ளை. ஆசிரியர் அறையில் மேசையில் தலை வைத்து அழுதுகொண்டிருந்தேன். அவர் கதிரையை இழுத்துப் போட்டு எதிரில் இருந்தார்.

"கோயில்ல இருந்து நேரடியாக் காட்டுவாங்களா?"

"காட்டுவினமாம். ஆனா இவருக்குக் காது கேளாதே சேர்."

இவர் என்றது என் கணவரை. துறைமுகத்தில் கப்பல்களை இழுக்கும் இழுவைப் படகின் இயந்திர அறையில் இளமைக்காலம் முழுவதையும் கழித்தவர். அந்த இரைச்சல் காதைத் தின்றுவிட்டது. முகத்தைப் பார்த்து, வாய் அசைவதைப் பார்த்துத்தான் பாதிக் கதையை விளங்கிக்கொள்வார். ஷாமினியோடு தொலைபேசியில் கதைக்கும்போதும், திரையை மூக்கில் முட்டுமளவுக்குப் பிடித்துக்கொண்டு அவளுடைய உதடுகளையே பார்ப்பார். கோயிலில் கமரா பின்னால் எங்கோ இருக்கும். மகளின் முகம் ஒரு பொட்டாகத்தான் தெரியும். அவள் சம்மதம் சொல்லும் குரலை அவர் எப்படிக் கேட்பார்?

நிஸ்தார் சேர் விரல்களை மடக்கி எண்ணினார். "என்ன பாக்கப் போறீங்க, ஆரு பாக்கப் போறா, ரெண்டும் சொல்லிட்டீங்க. அண்ணன் இரிக்கிற கதிர எங்க இரிக்கி எண்டு நான் வந்து பாக்கன்" என்றார். என் கணவரை அவர் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார். அந்த நிமிடத்திலிருந்து அது அவருடைய வீட்டுக் கலியாணமாகிவிட்டது.

மத்திய வீதிக் கடையில், விற்பனையாளர் ஐந்தாறு ஸ்பீக்கர்களும் நெஞ்சு அதிரும் பெட்டியும் உள்ள தொகுதியைக் காட்டினார். எனக்கும் அதில்தான் கண். நிஸ்தார் சேர் தலையாட்டினார். "வெடிச் சத்தம் படக்காரனுக்கு. உங்களுக்கு வேண்டியது பேச்சு. பேச்சு வாற நடு ஸ்பீக்கர் ஒண்டு நல்லதா இரிக்கட்டும், மத்ததெல்லாம் பிறகு" என்றார். கணினியும் சிறியதே போதும் என்றார். தொலைக்காட்சியோடு இணைக்க ஒரே ஒரு வயர், தூரத்தில் இருந்து இயக்க வயர் இல்லாத விசைப்பலகை, திருமணத்தின் நடுவில் கரண்ட் போனாலும் தாங்குவதற்கு ஒரு பற்றரிப் பெட்டி. வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் பூட்டி, திரையில் எழுத்துகளைப் பெரிதாக்கி, வேண்டாததையெல்லாம் அகற்றி, நான் அழுத்த வேண்டிய சின்னப் படக் குறிகளை மட்டும் விட்டார். இடையிடையே புறங்கையால் அந்தப் பெட்டியைத் தொட்டுப் பார்ப்பார், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவது போல. "சூடு வந்தா அது சொல்லும் டீச்சர். நாமதான் கேக்கணும்." அப்படிச் சொன்ன மனிதர், இரண்டு கிழமையாகத் தன் நெஞ்சு எரிந்தும், பரீதா வைத்தியரிடம் போகச் சொன்னபோது, வாய்வு என்று சொல்லிச் சமாளித்திருக்கிறார். இதை அவர் மீது கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

பிழை என்னிடத்திலும் நடந்தது. எங்கள் ஊரில் பெறுமதியான சாமான் வீட்டுக்கு வந்தால் அது கண்ணாடி அலுமாரிக்குள் போகும். மாதா சுரூபம், கலியாணத்துக்கு வந்த தேநீர்க் கோப்பைகள், ஷாமினி வாங்கிய கேடயங்கள் எல்லாம் அங்கேதான். கடற்கரைப் பக்கத்து வீடு; உப்புக்காற்றில் இரும்பு மாதக்கணக்கில் தாங்காது. ஆகவே அவர் போன கையோடு கணினியையும் நடு ஸ்பீக்கரையும் உள்ளே வைத்து, நூலில் பின்னிய வெள்ளை விரிப்பால் மூடி, கண்ணாடியையும் இழுத்துச் சாத்திவிட்டேன். அழகாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை திருமணம். அதற்கு முந்திய அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தவர் தலையில் கை வைத்துக்கொண்டார். கணினியை அந்தக் கணமே வெளியே எடுத்துத் திறந்த தட்டில் வைத்தார். ஸ்பீக்கரை எடுக்க நான் விடவில்லை. கண்ணாடிக்குள் இருந்தும் சத்தம் வருகிறதுதானே என்று வாதாடினேன்.

"சத்தம் வரும், பேச்சு வராது" என்றார். பிறகு தன் தொலைபேசியில் எதையோ பதிவுசெய்து கணினியில் ஏற்றினார். படம் இல்லாத வெறும் குரல். முகம் தெரிந்தால் அண்ணன் ஊகித்துவிடுவார், அது சோதனை ஆகாது என்றார். என் கணவரைக் கதிரையில் இருத்திவிட்டு, அதை ஓட விட்டார். அவருடைய குரலே வந்தது: "அண்ணன், நிஸ்தார் கதைக்கன். எனக்குச் சீனி போட்ட தேத்தண்ணி ஒண்டு வேணும். டீச்சருக்குச் சொல்லாதீங்க. கேட்டாக் கைய உயத்துங்க."

நான் சிரித்துவிட்டேன். என் கணவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு இருந்தார். "சத்தம் வருகுது. கதை விளங்கேல்லை" என்றார். கை மடியிலேயே கிடந்தது.

நிஸ்தார் சேர் என் பக்கம் திரும்பினார். "பாருங்க. உங்கட மகள் கோயில்ல நிண்டு கதைக்கப் போறா. நீங்க இஞ்ச அவட வாயத் துணியால பொத்திரிக்கீங்க."

"அந்த அலுமாரியில கை வைக்க ஏலாது சேர்" என்றேன்.

"சனிக்கிழம வந்து கண்ணாடியக் கழட்டுறன். அண்டைக்கு என்னோட சண்ட பிடிக்க உங்களுக்கு நேரம் இரிக்காது." மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு போய்விட்டார். திங்கட்கிழமை பாடசாலை விடுமுறை. அவரை நான் கடைசியாகக் கண்டது அப்போதுதான்.

வெள்ளிக்கிழமை பின்னேரம், பாடசாலையால் வந்து, உடுப்பும் மாற்றாமல் அலுமாரிக்கு முன்னால் நின்றேன். மாதாவை எடுத்து மேசையில் வைத்தேன். கோப்பைகளையும் கேடயங்களையும் இறக்கினேன். கண்ணாடிகள் இரண்டையும் கழற்றிக் குசினிச் சுவரில் சாத்தினேன். விரிப்பை உருவி எடுத்தேன். ஸ்பீக்கரை முன்விளிம்புக்கு இழுத்து, கதிரையைப் பார்க்கத் திருப்பினேன். கணவர் வந்து கதிரையில் இருந்தார். சோதிக்க என்னிடம் இருந்தது அந்த ஒரே குரல்தான். அதைத் தொட்டேன்.

"அண்ணன், நிஸ்தார் கதைக்கன்."

ஹோல் முழுக்க அவர் இருந்தார். அடக்கம் செய்து நான்கு நாள் ஆகவில்லை. குறும்பு மாறாத அதே குரல், பக்கத்தில் நின்று சொல்வது போல. குரல் முடிந்த பிறகு என் கணவரைப் பார்த்தேன். அவர் கையை உயர்த்தவில்லை. இரண்டு கைகளாலும் கதிரைப் பிடியை இறுக்கிக்கொண்டு, "சீனி போட்ட தேத்தண்ணி வேணுமாம். உனக்குச் சொல்ல வேண்டாமாம்" என்றார். பிறகு, "நிப்பாட்டு பிள்ளை" என்று என்னிடம் சொல்லி முகத்தைப் பொத்திக்கொண்டார்.

சனிக்கிழமை, கனடாவில் காலை, எங்களுக்குப் பொழுது பட்ட நேரம். நான் கூறைச் சேலை உடுத்தேன். அவர் நீளக்கைச் சட்டை போட்டார். அயலவர் சிலர் வந்தார்கள். நிஸ்தார் சேர் இருக்க வேண்டிய கதிரையில் யாரும் இருக்க நான் விடவில்லை. கோயில் திரையில் வந்தது. நினைத்தது போலவே கமரா பின்னால், ஷாமினி ஒரு வெள்ளைப் பொட்டு. திருமணம் நடத்திய சுவாமி தமிழிலே கேட்டார், முழு மனதோடு சம்மதிக்கிறாயா என்று. நான் திரையைப் பார்க்காமல் என் கணவரைப் பார்த்தேன்.

"சம்மதிக்கிறேன்" என்றாள் என் மகள்.

என் கணவர் வலது கையை உயர்த்தினார். வகுப்பில் விடை தெரிந்த பிள்ளை உயர்த்துவது போல, நேராக, உயரமாக. கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அயலவர் எவருக்கும் அது ஏனென்று விளங்கவில்லை. பூசை முடியும்வரை அவர் கையை இறக்கவில்லை. நான்தான் பிடித்து மெல்ல இறக்கிவிட்டேன்.

நிஸ்தார் சேர், அண்ணனுக்குக் கேட்டது. ஒரு சொல்லும் தவறாமல் கேட்டது. அலுமாரிக்குக் கண்ணாடியை நான் இன்னும் பூட்டவில்லை, இனிப் பூட்டப்போவதும் இல்லை. நிம்மதியாக உறங்குங்கள்.